ரிமோட்டில் நிறுத்திய டிரில்லை நம்பி பிட் மாற்றலாமா?

கேள்வி:
எங்கள் டிரில் ரிக்கை (துளையிடும் இயந்திரம்) இப்போது கன்ட்ரோல் அறையிலிருந்துதான் ஓட்டுகிறோம். நேற்று பிட் (துளையிடும் முனை) மாற்றக் கிளம்பினேன். "திரையில் ஆஃப் பண்ணிட்டேன், போ" என்றார் ஆபரேட்டர். வேலை முடியும்வரை யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாதபடி போடும் பூட்டு கையில் இருந்தது. எங்கே பூட்டுவது என்றுதான் தெரியவில்லை. திரையில் நிறுத்தினால் போதுமா?

பதில் 1:
போதாது தம்பி. திரையில் கொடுப்பது வெறும் கட்டளை. எமர்ஜென்சி ஸ்டாப்பும் அப்படித்தான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.147-கூட புஷ் பட்டன், செலக்டர் சுவிட்ச் போன்றவற்றை சக்தியைத் துண்டிக்கும் சாதனமாக ஏற்பதில்லை. டீசல் ரிக் என்றால் பேட்டரி ஐசொலேட்டர் (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), மின்சார ரிக் என்றால் மெயின் பிரேக்கர். அதில் உன் பூட்டு, சாவி உன் பையில். ரிமோட் நிறுத்தம் நீ அந்த இடம்வரை நடந்து போவதற்கு மட்டும்.

பதில் 2:
பூட்டினாலும் அக்யூமுலேட்டரில் (ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் கலன்) அழுத்தம் நிற்கும். இன்ஜின் நின்று பத்து நிமிடம் கழித்து ஃபீட் (டிரில்லைக் கீழே தள்ளும் பகுதி) தானாக இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. டிரில்லைச் சுழற்றும் ரோட்டரி ஹெட்டைக் கீழே இறக்கி வை, அழுத்தத்தை வெளியேற்று, கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா பார். அப்புறம் எல்லோரும் தள்ளி நின்று, ஆபரேட்டரை ஸ்டார்ட் கொடுக்கச் சொல். அசையக் கூடாது.

கேட்டவர்:
நன்றி அண்ணே. ஐசொலேட்டர் ஏணிக்குப் பின்னால் இருந்தது. இன்று பூட்டிவிட்டுத்தான் கை வைத்தேன்.