எண்ணிக்கை மாறும் அளபுருக்களை (arguments) வேறொரு செயற்கூற்றுக்கு (function) அப்படியே கடத்துவது எப்படி?

தோட்டக்கிராணி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். சம்பளக் கணக்கைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி வருகிறேன். குலை வெட்டுவோருக்குக் குலைகளின் எண்ணிக்கை, உதிரிப் பழத்தின் எடை, பழுக்காத குலைக்கான பிடித்தம் என மூன்று அளபுருக்கள். உரம் போடுவோருக்கு மூட்டைக் கணக்கும் மூட்டைக்கான கூலியும். நாள் கூலிக்காரருக்கு நாள்கள் மட்டும். இந்தத் தனித்தனிச் செயற்கூறுகளை அழைத்து, ஒவ்வோர் அழைப்பையும் பதிவு செய்யும் பொதுச் செயற்கூறு ஒன்று தேவை. இப்போது பட்டியலின் நீளத்தைப் பார்த்துக் கிளை கிளையாக எழுதியிருக்கிறேன். மருந்தடிப்போரைச் சேர்த்தால் இன்னொரு கிளை முளைக்கும். வேறு வழி உண்டா?

நிரல்நேயன்:
உண்டு, கிளைகளை முழுவதும் அழித்துவிடலாம். பொதுச் செயற்கூற்றின் முதல் அளபுருவாக அழைக்க வேண்டிய செயற்கூற்றையும், அடுத்து ஒற்றை நட்சத்திரக் குறியிட்ட பெயரையும், கடைசியில் இரட்டைக் குறியிட்ட பெயரையும் வையுங்கள். பெயரின்றி வருபவை எத்தனையானாலும் டியூப்பிளாகவும் (மாற்ற முடியாத மதிப்பு வரிசை), பெயரோடு வருபவை அகராதியாகவும் (பெயரும் மதிப்புமான இணைகள்) சேரும்; அழைக்கும் வரியில் அதே குறிகள் அவற்றை மீண்டும் பிரித்துக் கொடுக்கும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் இப்படியே எழுதலாம்:

விடை = வேலை(*மதிப்புகள், **பெயருள்ளவை)

ஒற்றைக் குறியை மறந்தால் டியூப்பிள் முழுவதும் ஒரே அளபுருவாகப் போகும். குலைக் கணக்கு உடனே டைப் எரர் (TypeError) என்னும் பிழையைக் காட்டும். நாள் கூலிக் கணக்கோ காட்டாமலும் போகலாம். டியூப்பிளை முழு எண்ணால் பெருக்கினால் பைத்தான் அதன் உறுப்புகளைத் திரும்பத் திரும்ப அடுக்கித் தருமே தவிரக் கூலியைத் தராது.

பால்மரம்:
எண்ணிக்கை சரியாக இருந்து வரிசை மட்டும் மாறினால் எந்த எச்சரிக்கையும் வராது. உதிரிப் பழத்தின் எடை குலைக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே கூலிச் செயற்கூறுகளின் அடைப்புக்குறிக்குள் முதலில் வெறும் நட்சத்திரக் குறியை இட்டு, அளபுருக்களைப் பெயரோடு மட்டுமே ஏற்கச் செய்யுங்கள். அளபுருக்கள் பொருந்துமா என்று அறிய, அழைத்துப் பார்த்து டைப் எரரைப் பிடிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கூலிக் கணக்கிற்குள்ளேயே எழும் உண்மையான பிழையையும் அது விழுங்கிவிடும்.

தோட்டக்கிராணி:
இருவருக்கும் நன்றி. எடைப்பாலத்தின் பழைய நிரல் சி மொழியில் இருக்கிறது. அங்கும் இதே முறைதானா?

நிரல்நேயன்:
இல்லை. சி மொழியில் எண்ணிக்கை மாறும் அளபுருக்களைக் குறிக்க மூன்று புள்ளியிட்ட (...) செயற்கூறு, தனக்கு வந்தவற்றை அதே வகையான இன்னொன்றுக்கு நேரடியாகக் கடத்த முடியாது. அவற்றை விஏ_லிஸ்ட்டில் (va_list, அளபுருக்களை ஒவ்வொன்றாக எடுக்க உதவும் வகை) வாங்கி, விஏ_லிஸ்ட்டையே அளபுருவாக ஏற்கும் செயற்கூற்றுக்கு அனுப்ப வேண்டும். அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப்புக்குத் (printf) துணையாக விபிரிண்ட்எஃப் (vprintf) இருப்பது இதற்காகவே. எத்தனை வந்தன என்பதும் அங்கே தெரியாது. பிரிண்ட்எஃப் அதைத் தன் வடிவச் சரத்தைப் படித்தே அறிகிறது. நீங்கள் எண்ணிக்கையை முதல் அளபுருவாக அனுப்பிவிடுங்கள். எடையை ஃபுளோட்டாகக் (float, பதின்ம எண் வகை) கொடுத்தாலும் அது டபுளாகவே (double, அதைவிடத் துல்லியமான வகை) போய்ச் சேரும் என்பதால், எடுக்கும்போது டபுள் என்றே கேளுங்கள்.