தங்கச்சிக்கு சரவாக்ல போஸ்டிங், வீட்ல அம்மா ஒரே அழுகை, போய் இருந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா

செந்தூல்_அண்ணன்:
வணக்கம் மக்களே. தங்கச்சி டீச்சர் படிப்பு முடிச்சு நேத்துதான் முதல் போஸ்டிங் லெட்டர் வந்துச்சு. சிலாங்கூர் இல்லாட்டி பேராக்னு நெனச்சிட்டு இருந்தோம், தொறந்து பாத்தா கடல் தாண்டி போர்னியோ தீவுல உள்ள சரவாக், அதுவும் தலைநகர் கூச்சிங் இல்ல, ஆத்தங்கரை ஊரு காப்பிட்டுக்கும் உள்ளுக்குள்ள. அவ சந்தோஷமா பேக் எடுத்து தூசி தட்டிக்கிட்டு இருக்கா, அம்மாதான் நேத்துலேர்ந்து சோறு சாப்பிடல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேற வந்து அது மண்டை வெட்டுற ஊரு, கோயில் கெடயாது, தமிழாளு ஒருத்தரும் கெடயாதுன்னு ஏத்தி விட்டுட்டு போயிட்டாங்க. எனக்கும் அந்த ஊரப் பத்தி ஒன்னும் தெரியாது, கூச்சிங்ல பூனை செல இருக்கும்னு மட்டும் தெரியும். உண்மையிலயே எப்படிப்பட்ட எடம், அம்மாகிட்ட சொல்ற மாதிரி சுவாரசியமா நாலு விஷயம் சொல்லுங்கப்பா.

முன்னாள்_சிக்கு:
தம்பி, நான் அஞ்சு வருஷம் காப்பிட் பக்கம்தான் வாத்தியாரா, மலாய்ல சொன்னா சிக்குவா, இருந்தேன். மொதல்ல அம்மாவ சாப்பிட சொல்லுங்க. நானும் கெடா ஏர்போர்ட்ட தாண்டாத பையனாத்தான் போனேன், திரும்பி வர்றப்ப அழுதது நான்தான்.

மண்டை வெட்டுற கதைய மொதல்ல முடிச்சிருவோம். அந்தக் காலத்துல இருந்தது உண்மைதான், ஆனா அத முடிச்சு வச்சதுக்கே காப்பிட் பேர் போன ஊரு. 1924 நவம்பர்ல இபான் மக்களும் மேல் ஆத்துல இருக்குற காயான், கென்யாஹ் மக்களும் அந்த ஊர்ல கூடி, பன்னி அறுத்து, சமாதானம் பண்ணிக்கிட்டாங்க. அப்ப சரவாக்க ஆண்ட வெள்ளக்கார ராஜா வைனர் புரூக்கும் கூட இருந்தார். பாடாங் திடல்ல மந்திரிங்க கைகுலுக்குற மாதிரி இல்ல, பகையாளிங்க ரெண்டு பேரும் ஒரே பன்னி ரத்தத்துக்கு முன்னாடி நின்னது. அது நடந்து நூறு வருஷம் ஆச்சு, ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க.

அங்க ஆத்தங்கரையில ஃபோர்ட் சில்வியான்னு ஒரு மரக்கோட்டை இருக்கு, 1880ல பெலியான் மரத்துல கட்டினது. பெலியான்னா ஆணி கூட எறங்காது, தண்ணியில கெடந்தாலும் உளுத்துப் போகாது. அந்தக் கோட்டை சுவத்துல எந்த வெள்ளத்துக்கு தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கோடு போட்டு வச்சிருக்காங்க. நான் பக்கத்துல போய் நின்னு பாத்தேன், ஒரு கோடு என் தலைக்கு மேல. கோட்டையே மேட்டுல இருக்கு, அதுல என் தலைக்கு மேலன்னா ஆறு எவ்ளோ ஏறியிருக்கும்னு யோசிச்சுக்குங்க. ராஜாங் ஆறு 560 கிலோமீட்டருக்கு மேல, மலேசியாவுலயே நீளமான ஆறு. எங்க காலத்துல சிபுலேர்ந்து எக்ஸ்பிரஸ் போட்லதான் போகணும், ஏரோப்ளேனுக்கு ரெக்கைய வெட்டிட்டு ஆத்துல விட்ட மாதிரி இருக்கும், உள்ள ஏர்கோன் நடுங்கும், கோழி, கேஸ் தோம்பு, அரிசி மூட்டை எல்லாம் கூரை மேல. இப்ப காப்பிட் வரைக்கும் ரோடு வந்துருச்சு, அதுக்கு அந்தாண்ட உள்ள ஸ்கூல்னா இன்னும் போட்டுதான்.

நீள வீடு பத்தி சொல்லணும். ரூமா பஞ்சாங்னு சொல்வாங்க. எவ்ளோ பெருசுன்னு கேட்டா அடிக்கணக்குல சொல்ல மாட்டாங்க, "முப்பது கதவு வீடு"ம்பாங்க, அதாவது முப்பது குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி பிலிக், அதாவது அறை, முன்னாடி எல்லாருக்கும் சேத்து ஒரே நீளத் திண்ணை, அது பேரு ருவாய். சாயங்காலம் அதுல உக்காந்து பாய் முடையுறது, பிள்ளைங்க படிக்கிறது, கத பேசுறது எல்லாம். தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவன் நான், பாத்ததும் நம்ம லயம்தான் ஞாபகம் வந்துச்சு, என்ன, நம்ம லயத்த வெள்ளக்காரன் கட்டினான், இத அவங்களே கட்டிக்கிட்டாங்க.

ஒரு விஷயம் மட்டும் அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க. சரவாக்ல தீபாவளிக்கு பப்ளிக் ஹாலிடே கெடயாது. மத்த எல்லா மாநிலத்துலயும் உண்டு, அங்க இல்ல. அதுக்கு பதிலா ஜூன் 1, 2 காவாய் பண்டிகைக்கு லீவு, குட் ஃப்ரைடேக்கும் லீவு, ஏன்னா ஜனத்துல பாதி கிறிஸ்தவங்க. மொத வருஷம் தீபாவளியன்னிக்கு லீவு எடுக்காம புது சட்ட போட்டுக்கிட்டு கிளாஸுக்கு போயிட்டேன். பிள்ளைங்க சிக்கு இன்னிக்கு என்ன விசேஷம்னு கேட்டுச்சு, சொன்னேன். சாயங்காலம் கதவ தட்றாங்க, தொறந்தா ஒரு பையனோட பாட்டி, கையில மூங்கில்ல வெச்சு சுட்ட கோழி. ஆயாம் பான்சு. மசாலா கெடயாது, இஞ்சி, புளிச்ச வாசத்தோட மரவள்ளி இலை, அவ்ளோதான். நான் ரூம்ல தனியா உக்காந்து சாப்பிட்ட மாதிரி தீபாவளி சாப்பாடு இதுவரைக்கும் இல்ல.

பினாங்_பாய்:
சிக்கு எழுதினத படிச்சு எனக்கே கண்ணு கலங்குது லா 😅 சின்ன கேள்வி, பஹாங்தானே பெரிய மாநிலம்? சரவாக்கா?

மிரி_குழாய்க்காரன்:
பஹாங் செமனாஞ்சோங்லதான், அதாவது தீபகற்பத்துலதான் பெருசு, கிட்டத்தட்ட 36,000 சதுர கிலோமீட்டர். சரவாக் 124,450. மூனரை பஹாங் உள்ள போகும். தமிழ்நாடு 130,000, அதவிட கொஞ்சம்தான் சின்னது, ஆனா ஜனம் சுமார் 25 லட்சம்தான். அதனாலதான் அங்க ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குன்னா பஸ்ல போறியான்னு கேக்க மாட்டாங்க, எந்த ஃப்ளைட்னு கேப்பாங்க.

நான் மிரில எண்ணெய் கம்பெனி கான்ட்ராக்ட்ல ஏழு வருஷம். நம்ம நாட்டோட மொத எண்ணெய் கெணறு அங்கதான், 1910ல தோண்டினது, குன்னு மேல இன்னும் நிக்குது, கிராண்ட் ஓல்ட் லேடின்னு பேரு, ஞாயித்துக்கெழம ஆனா அதுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுக்க கூட்டம்.

ஆனா எனக்கு எப்பவும் ஆச்சரியம் அந்த ரோடுதான். மிரிலேர்ந்து லாவாஸ், ரெண்டும் சரவாக்தான், ஆனா நடுவுல புருணை ரெண்டு துண்டா கெடக்கு, அந்த ரெண்டு துண்டுக்கும் நடுவுல நம்ம லிம்பாங். மலேசியா வெளிய, புருணை உள்ள, புருணை வெளிய, மலேசியா உள்ள, மறுபடி அதே கத. ஒரு தடவ போனா பாஸ்போர்ட்ல எட்டு முத்திரை. சொந்த மாநிலத்துக்குள்ள கல்யாணத்துக்கு போயிட்டு வந்ததுக்கு எனக்கு ரெண்டு பக்கம் காலி! 2020ல புருணைக்காரன் கடலையும் சதுப்புக் காட்டையும் தாண்டி முப்பது கிலோமீட்டருக்கு பாலம் போட்டுட்டான், அதுல போனா லிம்பாங்க தொடாம தாண்டிரலாம், முத்திரையும் கொறயும்.

அப்புறம் உங்க வீட்டுக்காரங்க பாக்க போறப்ப ஐசி (அடையாள அட்டை) மறக்காதீங்க. உள்நாட்டு ஃப்ளைட்தான், ஆனாலும் கூச்சிங்ல எறங்கினா இமிகிரேஷன். மலேசியா உருவான ஒப்பந்தத்துலயே சரவாக்காரங்க குடிநுழைவு அதிகாரத்த கையில வெச்சிக்கிட்டாங்க. நம்மள மாதிரி இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு 90 நாள்தான் சுத்திப் பாக்க. பிரைவேட்ல வேலைன்னா பெர்மிட் எடுக்கணும், நான் வருஷா வருஷம் எடுத்தேன். அவங்க நம்மள "ஒராங் மலாயா"ம்பாங்க, கோவப்படாதீங்க, சும்மா கலாய்க்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_தாத்தா:
கோயில் இல்லன்னு சொன்ன அந்த அம்மாவுக்கு இத காட்டுங்க தம்பி. கூச்சிங் பக்கத்துல மாத்தாங் மலைன்னு ஒன்னு. ரெண்டாவது ராஜா சார்ல்ஸ் புரூக் காலத்துல அங்க காப்பி, தேயிலை தோட்டம் போட்டாங்க, வேலைக்கு தமிழ்நாட்டுலேர்ந்தும் இலங்கைலேர்ந்தும் நம்ம ஜனத்த கூட்டிட்டு வந்தாங்க. போன எடத்துல நம்மாளு என்ன செய்வான், மொதல்ல மாரியம்மாவுக்கு ஒரு கொட்டாய் போடுவான். மரத்துல கோயில் கட்டினாங்க. 1912ல தோட்டத்த மூடிட்டாங்க, கொஞ்சப் பேரு ஊருக்கு திரும்பினாங்க, மிச்சம் கூச்சிங் டவுனுக்கு எறங்கிட்டாங்க, கோயில காடு மூடிருச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு தேடிக் கண்டுபிடிச்சு திரும்ப எடுத்துக் கட்டினாங்க. நான் முழங்கால் நல்லா இருந்தப்ப ஏறியிருக்கேன், வழியெல்லாம் அட்டை, மேல போனா பாசி புடிச்ச படி, சுத்தி ஒரே காட்டு சத்தம், நடுவுல அம்மா உக்காந்திருக்கா. பத்துமலையில லட்சம் பேரோட நிக்கிறப்ப வராத ஒரு இது அங்க வந்துச்சு.

அத விட்டா டவுன்ல பான் ஹோக் ரோட்ல காளியம்மன் கோயில் இருக்கு. நம்ம முஸ்லிம் சகோதரர்ங்க துணிக்கடை வச்ச இந்தியா தெருவும் இருக்கு, கடைங்களுக்கு நடுவுல ஒரு ஆள் போற சந்துல பூந்தா பழைய பள்ளிவாசல். தமிழ்ப்பள்ளி மட்டும் அந்த மாநிலத்துல ஒன்னு கூட இல்ல, அது எனக்கு மனக்குறதான்.

செந்தூல்_அண்ணன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவுக்கு ஒன்னு ஒன்னா படிச்சு காட்டிட்டு இருக்கேன். மாரியம்மா கதை கேட்டு கொஞ்சம் தெளிஞ்சிட்டாங்க, இப்ப சாப்பாட்டு கவலை. அப்புறம் தங்கச்சி கேக்க சொன்னா, ஸ்கூல் எத்தன மணிக்கு, இருட்டுல கெளம்பணுமான்னு.

முன்னாள்_சிக்கு:
இருட்டா? அதுதான் அங்க உள்ள பெரிய சொகமே! கோலாலம்பூர விட முக்கால் மணி நேரம் முன்னாடி விடிஞ்சிரும், ஆனா கடிகாரம் ஒன்னுதான். ஆறரைக்கு பளிச்சுன்னு வெயில், பிள்ளைங்க குளிச்சு ஆத்தங்கரையில நிக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிரும், அது கொஞ்ச நாளைக்கு மனச என்னமோ பண்ணும், பழகிரும். இங்க நம்ம பிள்ளைங்க இருட்டுல ஸ்கூல் பஸ் ஏறுறதுக்கு காரணமே சரவாக், சபாதான் தெரியுமா? முன்ன நம்ம கடிகாரம் அவங்களவிட அர மணி நேரம் பின்னாடி இருந்துச்சு. 1982 ஜனவரி 1லேர்ந்து நாடு முழுக்க ஒரே நேரம்னு சொல்லி நம்மளத்தான் அர மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க, அவங்க அப்படியே இருந்தாங்க.

சாப்பாட்டுக்கு மிளகு மட்டும் கட்டி அனுப்பாதீங்க, நாட்டுல வெளையுற மிளகுல பெரும்பகுதி அங்கதான் வெளையுது, ரோட்டோரம் பாய் விரிச்சு காய வெச்சிருப்பாங்க. மிடின்னு ஒரு காட்டுக் கீரை இருக்கு, சுருண்ட நுனியோட, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினா மொறு மொறுன்னு இருக்கும். புளி, சாம்பார் தூள், அப்பளம் மட்டும் நெறைய வெச்சு விடுங்க. அப்பளம் என் ஸ்கூல்ல ஒரு வாரம் கூட தங்கல, பிள்ளைங்க "கெரோப்போக் சிக்கு"ன்னு, அதாவது அப்பள வாத்தியார்னு, பேரு வச்சு காலி பண்ணிருச்சுங்க.

பினாங்_பாய்:
கெரோப்போக் சிக்கு 🤣🤣

செந்தூல்_அண்ணன்:
அந்த 82 கதைய படிச்சதும் அம்மா சிரிச்சிட்டாங்க, ரெண்டு நாள்ல இப்பதான் மொத தடவ. அப்ப அவங்களுக்கு பத்து வயசு, தோட்டத்துல இருந்தாங்களாம். பெரட்டுக்கு, அதாவது காலைல தோட்டத்து ஆள் கணக்கெடுக்க, மணி அடிச்சாச்சு, வெளிய வந்து பாத்தா கும்மிருட்டு, எங்க தாத்தா தலையில விளக்க கட்டிக்கிட்டு, "எவன்டா என் அர மணி நேரத் தூக்கத்த திருடினவன்"னு கங்காணிகிட்ட சண்டைக்கு போனாராம். இப்ப அம்மா தங்கச்சிகிட்ட, "போ, போய் உங்க தாத்தாவோட அர மணி நேரத்த வாங்கிட்டு வா"ங்குறாங்க. அப்பளம் வாங்க லெபோ அம்பாங் போறோம், அஞ்சு கட்டு போதுமா சிக்கு?

முன்னாள்_சிக்கு:
பத்து வாங்குங்க.