தூணில் சாய்ந்து பாடிவிட்டுப் போகிறவர்

1940களில் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ எடுத்த பாட்டுப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு விடுமுறையில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடி முடித்ததும், “சித்தப்பா, இவங்க ஏன் யாரோடயும் பேசவே மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். பளபளக்கும் உடை, அபாரமான குரல், சாய்ந்துகொள்ள ஒரு தூண். பாட்டு முடிந்தால் ஆளைக் காணோம். கதாநாயகி அவரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

காரணம் கத்தரிக்கோல். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இனப் பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலம். கறுப்பினப் பெண் கௌரவமாகத் திரையில் நிற்பது அங்குள்ள தணிக்கைக்காரர்களுக்குப் பிடிக்காவிட்டால், அவர் வரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். கதையில் ஓட்டை விழாது. வெட்டுவதற்கு வசதியாகவே அந்தக் காட்சிகளைத் தனியாக அமைத்தார்கள். தணிக்கைக்காரரைத் திட்டுவது சுலபம். எனக்கு உறுத்துவது, எங்கே வெட்டலாம் என்று ஸ்டுடியோவே முன்கூட்டிக் கோடு போட்டுக் கொடுத்ததுதான். நடிக்கத் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து 1943இல் எடுத்த ‘கேபின் இன் தி ஸ்கை’, ‘ஸ்டார்மி வெதர்’ இரண்டிலும் அவருக்கு வசனம் உண்டு, காதலும் உண்டு.

அப்புறம் ‘ஷோ போட்’ என்ற இசை நாடகத்தின் விவகாரம். அதில் வரும் ஜூலி, கலப்பினத்தவள் என்பதை மறைத்து வெள்ளைக்காரனோடு வாழ்பவள். 1946இல் வந்த ‘டில் தி கிளவுட்ஸ் ரோல் பை’ படத்துக்குள் அந்த நாடகத்தின் ஒரு பகுதி வரும், அங்கே ஹார்ன்தான் ஜூலி. 1951இல் எம்ஜிஎம் அதையே முழுப் படமாக எடுத்தபோது வேடம் வெள்ளைக்கார நடிகை ஆவா கார்ட்னருக்குப் போனது. படத்தில் கேட்கும் பாட்டுக் குரல்கூட அவருடையது இல்லை, அனெட் வாரனுடையது. அதே கம்பெனிப் படத்தில் அதே வேடத்தில் பாடிக் காட்டியவர் இருக்கும்போதே!

வெள்ளையர், கறுப்பர் இடையிலான உறவைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட தயாரிப்பு விதிகளில் எழுதியே வைத்திருந்தார்கள். 1934 முதல் கறாராக அமலான விதிகள் அவை. இந்தத் தடையை 1956இல்தான் நீக்கினார்கள். நடைமுறையில் ஆசிய நடிகர்களும் இதில் மாட்டினார்கள். 1937இல் வந்த ‘தி குட் எர்த்’ சீன விவசாயக் குடும்பத்தின் கதை. கணவன் வேடம் வெள்ளைக்கார நடிகர் பால் முனிக்கு என்றானதும், மனைவி வேடத்தில் சீன வம்சாவளி நட்சத்திரம் அன்னா மே வாங் நடிக்க வழியில்லாமல் போனது. வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னர் நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார்.

இதெல்லாம் பார்த்துச் சலித்திருந்தபோது கிடைத்தது சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய ‘தி கிரிம்சன் கிமோனோ’ (1959). லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு துப்பறியும் போலீஸ்காரர்கள், உயிர் நண்பர்கள், ஒருவர் ஜப்பானிய அமெரிக்கர். இருவரும் ஒரே வெள்ளைக்காரப் பெண்ணை விரும்ப, அவள் ஜப்பானிய அமெரிக்கரைத் தேர்ந்தெடுக்கிறாள். நண்பனின் முகத்தில் தெரிவது வெறும் பொறாமைதான், இவரோ அதை இனவெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று படம் நிதானமாகப் பார்க்கிறது. கொலை வழக்கு சுமார்தான், அதை விட்டுவிடலாம்.

அந்த ஜப்பானிய அமெரிக்கர் வேடத்தில் ஜேம்ஸ் ஷிகேட்டா. முதல் படம் என்று சொன்னால் நம்ப முடியாது. 1961இல் மேலும் இரண்டு படங்களில் நாயகன், அதன் பிறகு பெரும்பாலும் டிவியும் துணை வேடங்களும். ‘டை ஹார்ட்’ (1988) பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்: கொள்ளைக்காரன் கேட்டதைச் சொல்லாமல் குண்டடிபட்டுச் சாகும் நிறுவனத் தலைவர் டகாகி.