‘நெக்லஸ்’ கதை: நகைமுரணை மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: கித்தாக்காட்டு வாசகி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு (இடைநிலைப் பள்ளி, படிவம் 4, 5) சிறுகதை வகுப்பு நடக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதையில், விருந்துக்குத் தோழியிடம் இரவல் வாங்கிய வைர நகையைத் தொலைக்கும் மத்தில்த், பதிலுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடனை அடைக்கப் பத்து வருஷம் உழைக்கிறாள்; இரவல் நகை போலி என்று கடைசியில்தான் தெரிகிறது. இதைக் கொடுத்தால் எல்லாரும் ஒரே விடை எழுதுகிறார்கள்: “ஆடம்பர ஆசை அழிவைத் தரும்.” கடைசி வரித் திருப்பம்தான் நகைமுரண் (எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவது) என்கிறார்கள். பாத்திரத்தின் குறை, மோதல், நகைமுரண் மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று காட்ட வழி சொல்லுங்கள்.

பதில் 1: பழைய பேப்பர்

டீச்சர், அந்த விடை பாதிதான் சரி. ஆடம்பரம் நகையை இரவல் வாங்க வைத்தது, அவ்வளவே. பத்து வருஷத்தைத் தின்றது வேறு குறை: தொலைத்துவிட்டோம் என்று சொல்ல வாய் வராத கௌரவம்.

அது தெரியும் இடத்தைப் பிள்ளைகளே தேடட்டும். நகை காணாமல் போனதும், ‘கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்’ என்று தோழிக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார் கணவர். அவர் சொல்லச் சொல்ல மத்தில்த் எழுதுகிறாள். அந்தக் கடிதத்தில் உண்மையை எழுதியிருந்தால், அது 500 பிராங்குகூடத் தாண்டாத போலி என்று அன்றே தெரிந்திருக்கும். எழுதவில்லை, 36,000 பிராங்குக்கு அசல் வைரம் வாங்குகிறார்கள். அதில் 18,000 கணவருக்கு அப்பா விட்டுப்போன பணம். மீதி முழுக்கக் கடன்.

இன்னொன்று. பெட்டியில் பெயர் இருந்த கடைக்காரர், நகையைத் தான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் தன்னுடையது என்கிறார். அசல் வைரமென்றால் அதை விற்ற கடையின் பெட்டியிலேயே இருக்குமே! முதல் வாசிப்பில் எல்லாரும் தாண்டிப்போகும் வரி இது. 1884இல் வந்த கதை, இன்னும் இந்த இடத்தில் அசத்துகிறது.

பதில் 2: லயத்து நூலகம்

மேலே சொன்னதோடு ஒரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் குறையை எடுத்துவிட்டுக் கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். முடிவு விழுந்துவிட்டால் நகைமுரண் குறையிலிருந்து முளைத்தது. விழாமல் நின்றால் காரணம் வேறு.

ஓ. ஹென்றியின் ‘ஞானியரின் பரிசு’ (The Gift of the Magi) நிற்கும். டெல்லாவிடம் 1 டாலர் 87 சென்ட். கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவன் ஜிம்மின் கடிகாரத்துக்கு 21 டாலரில் சங்கிலி வாங்குகிறாள். ஜிம் அந்தக் கடிகாரத்தையே விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருகிறான். இருவரிடமும் குறை இல்லை, மோதல் முழுக்க வறுமையோடு. ஆகவே ‘குறை இருந்தால்தான் நகைமுரண்’ என்று சூத்திரமாக எழுதவிடாதீர்கள்.

தமிழில் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ வையுங்கள். 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு நெருக்கமாகவும் இருக்கும். பிள்ளைகள் எல்லாரிடமும் பிரியமாக இருப்பதாக நம்புகிறவர்தான் கதை சொல்கிறார். சாரங்கன் என்ற சிறுவனின் ஏக்கம் அவர் கண்ணில் படவே இல்லை. கடைசியில் அவனே ஒரு டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். சண்டை இல்லை, வில்லன் இல்லை. கவனக்குறைவு ஒன்றே போதுமான குறை.

கித்தாக்காட்டு வாசகி: நன்றி ஐயா. அவர்களே கதை எழுதும்போது முடிவு மட்டும் ஒட்டவைத்தது போல வருகிறது. ஒரு மாணவர் எழுதியது: கெடுபிடியான மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்), கடைசிப் பத்தியில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடு தீப்பிடிக்கிறது, ஷீட் எல்லாம் சாம்பல்.

பதில் 3: மூன்றாம் படிவம்

அந்தத் தீ வெளியிலிருந்து வந்த விபத்து, அதனால்தான் ஒட்டவில்லை. கதையைத் தூக்கிப் போட வேண்டாம் அக்கா. புகைக்கூட்டுச் சாவியை மண்டோரின் அர்ணாக்கயிற்றில் கட்டிவிடச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலேயே காவல்காரர் இன்னொரு சாவி கேட்கட்டும். “உங்கள நம்பி சாவிய குடுத்தா ஷீட்டு மிஞ்சுமா?” என்று மண்டோர் மறுக்கட்டும். தீப்பிடித்த அன்று அவர் பட்டணத்தில் இருக்கிறார், சாவியும் அவரோடுதான். திருடு போகக்கூடாது என்று பூட்டியதே சரக்கை எரிக்கிறது.

‘மண்டோர் சந்தேகப் பிராணி’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். சாவி கேட்கும் இடம் அதைச் சொல்லிவிடும். அந்த இடம் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வரவேண்டும். கடைசிக்கு நெருங்கி வந்தால் வாசகர் தீயை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுவார். தீக்குப் பிறகு மண்டோர் வருந்திப் பேசுகிற பத்தி இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். அவர் கை இடுப்புக்குப் போவதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.