சின்ன சர்வருக்கு டெபியனா, மினிமைஸ்ட் உபுண்டுவா?

கேள்வி:
1 ஜிபி ராம் விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்) எடுத்திருக்கேன், எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ரெண்டும் தான் ஓடணும். உபுண்டு 22.04 சர்வர் லினக்ஸ் போட்டா ஸ்னாப்டி (ஸ்னாப் பேக்கேஜ்களைப் பாத்துக்கற சர்வீஸ்), கிளவுட் இனிட் (முதல் பூட்ல செட்டப் பண்ற டூல்)னு நாம கேக்காததெல்லாம் வந்து உக்காந்துக்குது. இன்னொரு லினக்ஸான டெபியன் 12க்கு போயிடவா இல்ல உபுண்டுலயே மினிமைஸ்ட் (பேக்கேஜ் கம்மியா போடற) ஆப்ஷன் போதுமா?

பதில் 1:
டெபியன் போடுங்க ப்ரோ. இன்ஸ்டாலர்ல டாஸ்க்செல் (என்னென்ன போடணும்னு கேக்கற ஸ்க்ரீன்) வரும்போது டெஸ்க்டாப் டிக் எல்லாத்தையும் எடுத்துட்டு ரிமோட்டா லாகின் பண்ண எஸ்எஸ்ஹெச் சர்வர் மட்டும் வைங்க. ஆனா 2009ல வந்த லென்னிங்கற டெபியன் வெர்ஷன்லருந்தே ஆப்ட் (பேக்கேஜ் போடற டூல்) ரெகமண்டட் பேக்கேஜையும், அதாவது கட்டாயமில்லாத துணை பேக்கேஜையும், சேத்து இழுக்கும், வேணாம்னா நோ இன்ஸ்டால் ரெகமண்ட்ஸ்னு ஆப்ஷன் குடுக்கணும்.

பதில் 2:
ரெகமண்ட்ஸை மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க ப்ளீஸ். டெபியன் 12ல ஆர்சிஸ்லாக் (லாகை ஃபைல்ல எழுதற புரோகிராம்) டீஃபால்ட்டா வராது, லாக் எல்லாம் சிஸ்டம்டியோட ஜர்னல்ல தான், அதனால ஃபெயில்2பேன் (தப்பா லாகின் முயற்சி பண்ற ஐபியைத் தடுக்கற டூல்) பழைய லாக் ஃபைலைத் தேடி ஸ்டார்ட்டே ஆகல, நான் ரெண்டு நாள் கழிச்சு தான் பாத்தேன், அதுவரைக்கும் சர்வர் காவலே இல்லாம கெடந்திருக்கு. ஃபெயில்2பேன் லாக் படிக்கற பேக்எண்டை சிஸ்டம்டின்னு மாத்தி, அதுக்கு வேண்டிய, ரெகமண்ட்ஸ்ல வர்ற பைதான் பேக்கேஜையும் போட்டப்புறம் தான் சரியாச்சு. அப்டேட்டைத் தானா போடற அனட்டெண்டட் அப்கிரேட்ஸும் மறக்காம போடுங்க, செக்யூரிட்டி பேட்ச்ல கஞ்சத்தனம் கூடாது.

கேட்டவர்:
நன்றிங்க, இன்னிக்கு நைட்டே டெபியன் போடறேன், ரெகமண்ட்ஸ் ஆன்லயே இருக்கட்டும்.