அப்பாவின் பீரோவில் நாற்பது ஆண்டுத் தாள்கள்: எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை எப்படி அழிப்பது?

கேள்வி: குடந்தைக்காரி

வணக்கம். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் தந்தை காலமானார். மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போட மனம் வராதவர். கும்பகோணத்து வீட்டைக் காலி செய்து அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துவர வேண்டியிருப்பதால், அவருடைய இரும்பு பீரோவையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் இப்போதுதான் திறந்திருக்கிறேன். 1980களின் சம்பளச் சீட்டுகள், நான்கு வங்கிகளின் பாஸ்புத்தகங்கள், எழுதாத காசோலைகள், ஆதார், பான் அட்டைகளின் ஜெராக்ஸ் ஒரு கட்டு, மருத்துவமனை அறிக்கைகள், வருமான வரிக் கணக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒரு பழைய கணினியும் இரண்டு கைப்பேசிகளும் இருக்கின்றன.

மொத்தத்தையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. போகியன்று கொளுத்திக்கொள்ளலாம் என்கிறார் அம்மா. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. சில மாதங்களுக்கு முன் பேருந்து நிலையத்தில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, யாரோ ஒருவருடைய கடன் விண்ணப்பத்தின் முதல் பக்கம், புகைப்படமும் கையெழுத்தும் கைப்பேசி எண்ணுமாக என் கையில் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போட்டேன். அப்பாவின் தாள்களும் அப்படி ஊர் சுற்றக் கூடாது என்பதே என் கவலை. தாள் நறுக்கும் இயந்திரம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? கணினியை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: பழைய பேரேடு

சகோதரி, வங்கிப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அழிக்கும் வழியைத் தேடுவதற்கு முன், அழிக்கக் கூடாதவற்றைப் பிரித்தெடுத்துவிடுங்கள். அயலார் கையில் சிக்கிய தாளால் நேர்ந்த இழப்பைவிட, வீட்டார் அவசரத்தில் கிழித்த தாளால் வாரிசுகளுக்கு நேர்ந்த இழப்பையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கிரயப் பத்திரம், மூலப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தொடவே கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வீட்டு வரி ரசீதுகளையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள். சொத்தில் பிறர் உரிமை கொண்டாடும் வழக்குகளில் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 12 ஆண்டு அனுபவம், அதாவது சொத்தைத் தொடர்ந்து தன் வசம் வைத்திருந்தது, பேசப்படும்போது, மங்கிப்போன ஒரு ரசீதுகூட யார் வசம் சொத்து இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கும். அம்மா குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார் என்றால், அப்பாவின் ஓய்வூதியக் கொடுப்பாணை அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பாஸ்புத்தகங்களில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கடைசிப் பதிவு 2004 என்று இருந்தால் கணக்கு செத்துவிட்டது என்று நினைத்து விடுகிறார்கள். பத்து ஆண்டுகள் இயக்கப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்குப் போகிறதே தவிர, வாரிசின் உரிமை போவதில்லை. இப்படிக் கிடக்கும் பணத்தைப் பல வங்கிகளிலும் ஒரே இடத்தில் தேடுவதற்கு 2023இல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அப்பாவின் பெயரையும் பான் எண்ணையும் இட்டுத் தேடுங்கள். வங்கிக்கும் நேரில் சென்று கேளுங்கள். அதன் பிறகு அந்தப் புத்தகத்தைக் கிழிப்பதைப் பற்றிப் பேசலாம்.

பெட்டியின் அடியில் பழைய நிறுவனப் பங்குச் சான்றிதழ் ஏதேனும் இருந்தால் வெற்றுக் காகிதம் என்று எண்ணிவிடாதீர்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை விற்றுக் கைமாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் இறந்தவரின் பங்குகளை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வழி அடைபடவில்லை.

வருமான வரித் தாள்களை எட்டு ஆண்டுகளுக்கு வைத்திருப்பது என் வழக்கம். அப்பாவின் கடைசி ஆண்டுக் கணக்கைச் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொண்டு தாக்கல் செய்தாகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுகளுக்கு இனி வேலையில்லை. எழுதாத காசோலைகளை, கணக்கை முடிக்கும் நாளில் கிளையிலேயே ஒப்படையுங்கள்; கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தால், அடிப்பகுதியில் காந்த மையில் அச்சிட்ட எண் வரிசையைத் தனியாக வெட்டியெடுத்துப் பொடியாக்குங்கள்.

பதில் 2: முறம் மெழுகியவள்

பேரேடு ஐயா சொன்னபடி பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், எல்லாத் தாளையும் அழிக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுக் குவியலில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படாத சுற்றறிக்கையும் விளம்பரக் கடிதமுமாகவே இருக்கும். பெயர், பிறந்த தேதி, கணக்கு எண், கையெழுத்து ஆகியவை ஒரே தாளில் சேர்ந்திருப்பதுதான் ஆபத்து. நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, அந்த மூலையை மட்டும் வெட்டி ஒரு வாளியில் போட்டுவிட்டு, மீதியைக் கடைக்கு அனுப்பினேன். அறுபது கிலோ இரண்டு கிலோவாகக் குறைந்தது. ஆதார், பான் பிரதிகள், கடன் விண்ணப்பங்கள், பாஸ்புத்தகப் பக்கங்கள் ஆகியவை மட்டும் முழுத் தாளாக வாளிக்குப் போயின.

இயந்திரம் வாங்குவதானால், நீளவாக்கில் நாடா நாடாவாகக் கிழிப்பதை வாங்காதீர்கள். தாளிலுள்ள வரிகள் வெட்டும் திசையிலேயே அமைந்துவிட்டால், ஒவ்வொரு நாடாவிலும் ஒரு வரி முழுதாகப் படிக்கக் கிடைக்கும். 1979இல் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது அங்கே நாடாக்களாக நறுக்கப்பட்டிருந்த ஆவணங்களை ஈரானியர்கள் பொறுமையாக ஒட்டிச் சேர்த்து நூல்களாகவே வெளியிட்டார்கள். நம் வீட்டுத் தாளுக்கு அவ்வளவு மெனக்கெட யாரும் வரப்போவதில்லை என்றாலும், விலை வித்தியாசம் பெரிதில்லாதபோது குறுக்காகவும் வெட்டும் இயந்திரத்தையே வாங்கலாம். பெட்டியின் மேல் ‘பி-4’ என்று குறிப்பிட்டிருந்தால், ஒரு துணுக்கு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாது என்று பொருள். வீட்டுக்கு அது தாராளம்.

ஒரே ஒருமுறை செய்யும் வேலைக்காக இயந்திரம் வாங்க மனமில்லை என்றால், கூழாக்குங்கள். எங்கள் பாட்டி பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, முறத்தின் இடுக்குகளை மெழுகுவார். அதே வேலைதான். குத்தூசிகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் நீக்கிவிட்டு, தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவையுங்கள். பிறகு கையாலோ கட்டையாலோ நன்றாக மசிக்க வேண்டும். இந்த மசித்தலை விட்டுவிடக் கூடாது; பந்துமுனைப் பேனாவின் மையும் லேசர் அச்சும் தண்ணீரில் கரைவதில்லை, தாளின் நார் பிரிந்தால்தான் எழுத்தும் சிதையும். ஒரு பழைய தாளை வெறுமனே ஊறவைத்துக் காயவைத்துப் பாருங்கள், அப்பாவின் கையெழுத்து அப்படியே இருக்கும்.

அம்மாவிடம் போகி வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுக்கின்றன. அது ஒருபுறம் இருக்க, கட்டாகப் போட்ட தாள் ஓரத்தில் மட்டும் கருகி, நடுப்பக்கம் வெள்ளையாகவே மிஞ்சும். மறுநாள் காலையில் காற்று அதைத் தெருவுக்குக் கொண்டுபோகும்.

பதில் 3: திருகாணி

நான் கணினி பழுதுபார்க்கிறேன். கடைக்கு வரும் பழைய கணினிகளில் பாதிக்கு மேல், உரிமையாளர் ‘எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டேன்’ என்று சொல்லிக் கொடுத்தவைதான். டெலிட் செய்யும்போது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கோப்பு வட்டிலேயே (ஹார்டு டிஸ்க்) இருக்கும். இலவச மென்பொருளைக் கொண்டே அதை மீட்டுவிடலாம்.

முதலில் குடும்பப் புகைப்படங்களை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வட்டைக் கழற்றி இன்னொரு விண்டோஸ் கணினியில் இணைத்து, விரைவு முறையை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள்; விண்டோஸ் விஸ்டா காலம் முதல் முழு ஃபார்மட் வட்டு முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று இணையத்தில் படித்தால் நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள், சுழலும் வட்டுக்கு ஒருமுறையே போதும். எஸ்எஸ்டி (சுழலும் வட்டில்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வகை), பென்டிரைவ் ஆகியவற்றுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. அவை தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்வதற்காகத் தரவைத் தாமே இடம் மாற்றி வைப்பதால், நீங்கள் எழுதும் சுழியம் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. எஸ்எஸ்டிக்கு அதைத் தயாரித்தவரின் அழிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். பென்டிரைவைப் பிரித்துச் சில்லை உடைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த கைப்பேசிகளில் தரவு பூட்டியே சேமிக்கப்படுகிறது; ரீசெட் செய்தவுடன் அந்தப் பூட்டின் சாவி அழிந்துவிடும். அதைவிடப் பழையது என்றால், அமைப்புகளில் குறியாக்கத்தை (தரவைப் பூட்டும் வசதியை) இயக்கிவிட்டு அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள். ரீசெட்டுக்கு முன் அப்பாவின் கூகுள் கணக்கை நீக்க மறந்தால், கைப்பேசி திரும்பவும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கக்கூடும். மெமரி கார்டைக் கழற்ற மறப்பவர்களோ ஏராளம். தயவுசெய்து கைப்பேசியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். உள்ளேயிருக்கும் லித்தியம் மின்கலம் தீப்பிடிக்கும்.

குடந்தைக்காரி

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று பிரித்துப் பார்த்ததில், எங்களுக்கே தெரியாத ஒரு வைப்பு நிதி ரசீது, ஒரு மளிகைக் கடை நாட்காட்டியின் பின்னால் செருகியிருந்தது. தம்பி வாயடைத்துப் போனான். இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஏடிஎம் சீட்டுகளையும் கூரியர் உறைகளில் ஒட்டிய முகவரிச் சீட்டுகளையும் கூழில் போடலாமா? அப்பாவின் சிம் அட்டையை வெட்டி எறிந்துவிடலாமா?

பதில் 4: முறம் மெழுகியவள்

ஏடிஎம் சீட்டு வெப்பத்தாள். கூழைப் பிறகு செடிக்கோ உரக்குழிக்கோ போட்டால், அதில் பூசியிருக்கும் வேதிப்பொருள் ஆகாது, ஆகையால் கூழில் சேர்க்காதீர்கள். சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஒருமுறை ஓட்டினால் தாள் முழுதும் கறுத்து, எழுத்து மறைந்துவிடும். கூரியர் சீட்டுகளும் பெரும்பாலும் அதே வகைதான். பிளாஸ்டிக் உறையிலிருந்து உரித்தெடுத்து, மேலே ஒரு துணியைப் போட்டுத் தேயுங்கள்.

பதில் 5: பழைய பேரேடு

சிம்மை இப்போது வெட்டாதீர்கள், சகோதரி. பயன்பாடின்றித் துண்டிக்கப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். அந்த எண்ணோடு அம்மாவின் ஓய்வூதியக் கணக்கோ எரிவாயு இணைப்போ பிணைந்திருந்தால், ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். எந்தெந்த இடத்தில் அந்த எண் பதிவாகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றிலும் உங்கள் எண்ணையோ அம்மாவின் எண்ணையோ மாற்றுங்கள். அம்மா அந்த எண்ணையே வைத்துக்கொள்ள விரும்பினால், இறப்புச் சான்றிதழோடு தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் அவர் பெயருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். வைப்பு நிதி ரசீதில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பிப்பது நல்லது.