புல் வெட்டியதும் மஞ்சளாகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் வீட்டு முன்னால் 400 சதுர அடிக்குப் பெர்முடா புல் போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை ஆள் வந்து பிரஷ் கட்டரால் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டுப் போவார், மொட்டை அடித்த மாதிரி இருக்கும், அப்புறம் இரண்டு வாரம் வைக்கோல் நிறம்தான், அந்த இடைவெளியில் கோரை தலைகாட்டிவிடுகிறது. அந்தக் கட்டரில் கத்திக்குப் பதில் சுழலும் நைலான் கயிறு புல்லை வெட்டுவதில்லை, கிழிக்கிறது, நுனியெல்லாம் வெளுத்துக் காய்கிறது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எடுக்காதீர்கள் என்றால் "அப்ப வாரா வாரம் வரணுமே சார்" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

சரி, நானே வெட்டலாம் என்று இருக்கிறேன். கையால் தள்ளும் உருளை மெஷின் கத்தரிக்கோல் மாதிரி சுத்தமாக வெட்டும், ஆனால் புல் கொஞ்சம் உயர்ந்துவிட்டால் திணறும். கரண்ட் மெஷின் என்றால் ஒயரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். இவ்வளவு சின்ன இடத்துக்கு எது சரி? உயரத்தை 3 செ.மீ. வைத்தால் போதுமா? இங்கே கத்தியைச் சாணை பிடித்துத் தருபவர்கள் இருக்கிறார்களா?

இன்னொன்று, பொடியாக விழும் புல்லை அப்படியே விட்டால் உரமாகிவிடும், ஆனால் ஐப்பசி மழையில் ஈரப்புல் கட்டி கட்டியாக விழுந்து கீழே உள்ளதை மூடிவிடுகிறது. அப்போது மட்டும் வாரிவிடுகிறீர்களா, இல்லை காயும்வரை வெட்டாமலே விட்டுவிடுகிறீர்களா?